கார்த்திகைச் சந்தையிற் கன்று தேடினோம்

மலரை விரும்பாதார் உலகில் இலர். மலர் தரும் செடியை நட்டு வளர்ப்பாரோ சிலர். அச்சிலருள்ளும் நல்ல கன்றை இனங்கண்டு வாங்கத் தெரிந்தோர் மிகச் சிலர் எனலாம். புடவைக் கடையிற் சேலையொன்று வாங்கினால் அது வாங்கிய அன்றே முழுமை பெற்ற பொருள். கன்று அத்தகையதன்று. இன்று நாம் கையில் வாங்குவது ஒரு முழத் தண்டும் நாலைந்து இலைகளுமே. எஞ்சியதெல்லாம் இனி வரவேண்டியது. அது இனிக்குமா, புளிக்குமா, வராமலே போய்விடுமா என்பது வாங்கும் வேளையில் எவர்க்கும் வெளிப்படையாகத் தெரிவதில்லை.

நாம் இதனைப் பட்டறிந்தவர்கள். எமது வளவின் கிழக்கு மூலையில் ஒரு மாமரம் நிற்கின்றது. கறுத்தக் கொழும்பான் என நம்பி வாங்கி நட்ட மரம் அது. காய்க்கத் தொடங்கிய நாள் முதலாக நாரும் புளிப்புமான காய்களையே தந்து வருகின்றது. அதனைத் தறித்துவிட்டு நல்லதோர் ஒட்டுக்கன்றை வைப்பதெனத் தீர்மானித்தோம். அத்தருணத்தில், நல்லூர்ச் சங்கிலியன் பூங்காவிலே கார்த்திகை மலர்க் கண்காட்சி கூடியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் இருவரையும் உடனழைத்துக்கொண்டு அங்குச் சென்றோம்.

ஏன் கார்த்திகை?

கன்று நடுவதற்குக் கார்த்திகையைத் தெரிந்தெடுத்தது வெறும் சம்பிரதாயத்தினால் அன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. ஆண்டு முழுவதற்குமான மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக் காற்றினால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மாதங்களிலேயே பெய்து தீர்கின்றது. தை கழிந்தபின் நெடுங்கோடை. கார்த்திகையில் நட்ட கன்று, நிலம் ஈரமாயிருக்கும் இரண்டு மூன்று மாதங்களுள் வேரை ஆழமாக ஓட்டிக்கொள்ளும். மாசியில் நட்ட கன்றுக்கோ முதல் நாளிலிருந்தே வாளியும் கயிறுமாக நாம் நிற்க வேண்டும். வடமாகாண சபை 2014ஆம் ஆண்டிலே கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததும் இக்காரணம் பற்றியே.

நாம் சென்ற அன்றும் மழை தூறிக்கொண்டிருந்தது. பூங்காவின் நடைபாதை எங்கும் செஞ்சேறு. செருப்பைக் கையிற் பிடித்தபடி நடந்தவர் பலர். ஒரு கையிற் குடையும் மறுகையிற் குழந்தையுமாகத் தாய்மார். பூக்களின் முன்னின்று கைத்தொலைபேசியிற் படம் பிடிக்கும் இளைஞர். எல்லாச் செடியினதும் விலையை விசாரித்து ஒன்றையும் வாங்காது செல்லும் உத்தியோகத்தர். விலை கேளாமலே கன்றின் அடித்தண்டைக் குனிந்து பார்க்கும் கமக்காரர். கன்று விற்போர் விரைவிலே அறிந்துகொள்வது இக்கடைசி வகையினரைத்தான்.

காந்தளின் முன்னே

வாயிலுக்கு அண்மையில், மூங்கிற் பந்தலொன்றிற் காந்தட் கொடி படர்ந்திருந்தது. கார்த்திகையிற் பூப்பதனால் எம்மவர் இதனைக் கார்த்திகைப் பூ என்பர். இதன் இலைகளின் நுனியே பற்றுக் கம்பியாகச் சுருண்டு அயலிலுள்ளதைப் பிடித்துக்கொள்ளும் அழகை மாணவர் வியந்து நோக்கினர். இதழ்கள் முதலிற் பச்சையும் மஞ்சளுமாக விரிந்து, நாளடைவிற் செந்நிறம் பெறுகின்றன. ஒரே கொடியில் இரு நிறப் பூக்கள் நிற்பதாகத் தோன்றுவது இதனாலேயே.

சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது மலர்களைப் பெயர் சொல்லி நிரைப்படுத்தியபோது முதலில் வைத்தது இக்காந்தளையே. பள்ளியில் அப்பட்டியலை மனனஞ்செய்த மாணவர் ஆயிரவர் இருப்பர். அவற்றுட் பத்து மலர்களையேனும் கண்ணாற் கண்டு அறிந்தவர் எத்தனை பேர்? இத்தகைய சந்தை ஒரு தமிழ் வகுப்பறையாகவும் பயன்படக்கூடும் என்பது எமது கருத்து.

எனினும் ஓர் எச்சரிக்கை. காந்தளின் கிழங்கில் கொல்சிசின் எனும் கொடிய நச்சுப் பொருள் உண்டு. அளவறிந்து பயன்படுத்தும் மருத்துவர் கையில் அது மருந்து. அறியாதார் வாயில் அது எமன். சிறுவர் உள்ள வீட்டார் இதனையும் அலரி வகைகளையும் வாங்குமுன் எங்கே நடுவது என்பதை ஆலோசித்தல் வேண்டும். விற்பனை செய்த பெண்மணி, நாம் கேளாமலே, “கிழங்கைப் பிள்ளையள் தொட விடாதேங்கோ” என்று சொல்லியது எமக்கு மகிழ்ச்சி தந்தது.

கப்பலேறி வந்த உறவினர்

அடுத்த கடைகளில் நிறங்களின் திருவிழா. கடதாசிப்பூவில் மட்டும் வெள்ளை, செம்மஞ்சள், ஊதா எனப் பல வகைகள். “இது எங்கள் ஊர்ப் பூத்தானே?” என்றான் மாணவர்களுள் ஒருவன். அன்று. 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றிவந்த பூகன்வில் என்னும் பிரெஞ்சு மாலுமியின் பயணத்திலே உடன்சென்ற தாவர அறிஞர் கொமர்சன், தென்னமெரிக்காவின் பிரேசில் நாட்டில் இதனைக் கண்டு குறித்தார். மாலுமியின் பெயரே செடிக்கும் ஆயிற்று. மேலும், நாம் பூவிதழ் எனக் கருதி மயங்கும் அந்த நிறத் தகடுகள் உண்மையில் இலைகளே. அவற்றின் நடுவில் ஊசிபோல் நிற்கும் சிறு வெண்குழாய்தான் பூ.

வேலியோரங்களிற் கேட்பாரற்று நிற்கும் பட்டிப்பூவோ மடகாஸ்கர்த் தீவிலிருந்து உலகெங்கும் பரவியது. அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மருந்துகள் குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் பயன்படுகின்றன. கொய்யா, பப்பாசி, அன்னமுன்னா, ஏன், எமது கறிக்கு உறைப்பைத் தரும் மிளகாயுங்கூட, அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியரின் கப்பல்கள் வழியே இப்பக்கம் வந்தவையே. வந்தவை யாவும் எம்முடன் உறவாகிவிட்டன.

ஆயின் வந்த விருந்தினர் எல்லாரும் நல்லவரல்லர். ஆற்றுவாழை என்றும் ஆகாயத்தாமரை என்றும் அழைக்கப்படும் நீர்க்களையை 1905ஆம் ஆண்டிலே இலங்கைக்குக் கொணர்ந்தது அதன் ஊதாப் பூவின் அழகுக்காகவே. நான்கே ஆண்டுகளில், 1909இல், அதனை ஒழிப்பதற்கெனத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. சட்டம் வந்தும் களை போகவில்லை. இன்றும் குளங்களையும் வாய்க்கால்களையும் அது மூடிக் கிடக்கின்றது. பெயர் தெரியாத புதுச்செடியைக் காணும்போது அழகு மட்டும் பார்த்து ஏமாறலாகாது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமா?

தண்ணீரின் குணம்

பூங்காவின் மேற்குப் பக்கத்தில், தென்னிலங்கையின் ஈரவலயத்திலிருந்து லொறியொன்றிற் செடி கொணர்ந்த சிங்கள வியாபாரி ஒருவர் கடை விரித்திருந்தார். அந்தூரியம், ஓர்க்கிட், பன்னவகைகள் எனக் கண்ணைப் பறிக்கும் செடிகள். மெழுகினால் வார்த்தனபோன்ற அந்தூரியப் பூக்களைச் சுற்றியே கூட்டம் அதிகம். எமது மாணவனும் தன் தாயாருக்கென ஒன்றை எடுத்துவிட்டான்.

வியாபாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி வீட்டில் கிணறா?” என்று தமிழிலேயே வினவினார். ஆம் என்றதும் தலையை அசைத்தார். “கிணத்துத் தண்ணி ஊத்தினா இது நாலு மாசம் மட்டும்தான். மழைத் தண்ணி பிடிச்சு வைச்சு ஊத்தணும். முடியாதுன்னா வேணாம்.”

விற்க வந்தவர் விற்பனையைத் தடுத்துப் பேசியது அரிய காட்சி. அவர் கூறியது முற்றிலும் உண்மை. குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். அதனுள் ஊறித் தேங்கும் நீரே எமது கிணற்று நீர். வன்மையும் காரத்தன்மையும் மிக்க அந்நீர் நாள்தோறும் ஊற்றப்படும்போது, மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேர் அதனை உறிஞ்ச முடியாது போகின்றது. இளம் இலைகளில் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி வெளிறி மஞ்சளாகும். வெட்சிச் செடிகளிற் பலர் இதனைக் கண்டிருப்பர். நோய் என்று கருதி மருந்து தெளிப்பர். நோய் இலையிலன்று, நீரிலே உள்ளது.

மலைநாட்டிலிருந்து வரும் செடிகளுக்கோ இதற்கு மேலும் ஒரு குறை உண்டு. நுவரெலியாவின் குளிரிற் பிறந்த பிகோனியாவுக்கு எமது பங்குனி வெயில் கொதிக்கும் நெய். செடி வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டிய வினா “என்ன விலை?” என்பதன்று, “எங்கே பிறந்தது?” என்பதே. அவ்வகையிற் செவ்வரத்தை, நந்தியாவட்டை, கடதாசிப்பூ, மாதுளை, தேசி முதலியன எமது மண்ணுக்கும் வெயிலுக்கும் இசைந்தவை. மாணவன் அந்தூரியத்தை மீள வைத்தான். ஆனால் அவ்வியாபாரியிடமே செவ்வரத்தைக் கன்று இரண்டு வாங்கினான். நேர்மைக்கு இலாபமில்லை என்று யார் சொன்னார்?

ஒட்டு எங்கே?

இனி, நாம் தேடி வந்த பொருளுக்கு வருவோம். மாங்கன்றுக் கடைகள் பூங்காவின் பின்புறத்தில் வரிசையாக இருந்தன. கறுத்தக் கொழும்பான், வெள்ளைக் கொழும்பான், விளாட்டு, அம்பலவி, செம்பாட்டான் என எழுதிய அட்டைகள் மழையில் நனைந்து மை கரைந்து தொங்கின.

மாங்கொட்டையை நட்டு முளைப்பிக்கும் கன்று தாய் மரத்தின் குணத்தை அப்படியே கொண்டு வரும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலால் ஏதேனும் ஒரு விதைக் கன்றை ஒட்டுக்கட்டையாக வைத்து, அதன் தலையைச் சீவி, நற்சாதி மரத்தின் கிளை நுனியை ஆப்புப்போற் செதுக்கி அதிற் செருகிப் பொலித்தீன் நாடாவினாற் கட்டிவிடுவர். வேர் ஒருவருடையது, கனி மற்றொருவருடையது. விதைமரம் காய்க்க ஏழெட்டு ஆண்டுகள் செல்லும். ஒட்டுமரம் மூன்று நான்கு ஆண்டுகளிற் காய்த்துவிடும்.

எமது மரத்தின் வரலாறு இங்கே சொல்லத் தக்கது. பல்லாண்டுகளுக்கு முன் வீதியோர வியாபாரி ஒருவரிடம் அக்கன்றை வாங்கினோம். நட்ட முதலாண்டிலேயே அடியிலிருந்து இரண்டு முளைகள் வீறிட்டெழுந்தன. கன்று செழிக்கின்றது எனக் கண்டார்க்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டோம். அடுத்த கோடையில் மேற்பகுதி வாடிக் காய்ந்தது. போனாற் போகட்டும், கீழ்முளைதான் நன்றாயிருக்கின்றதே என்றிருந்தோம். மரம் வளர்ந்து காய்த்தது, காய் புளித்தது. விற்றவர் எம்மை ஏமாற்றினார் என்று எத்தனையோ பேரிடம் ஏசித் தீர்த்தோம். பின்னொருநாள் எமது வீட்டுக்கு வந்த விவசாயப் போதனாசிரியர் ஒருவர் மரத்தின் அடியைக் குனிந்து பார்த்து, “ஒட்டு எங்கே, மாஸ்டர்?” என்றார். ஒட்டு இருக்கவில்லை. ஒட்டுக்குக் கீழே கிளர்ந்த முளையை நாம் கிள்ளாது விட்டதனால் ஒட்டுக்கட்டை ஒட்டுக்கிளையைக் கொன்று தானே மரமாகிவிட்டது. வியாபாரி தந்தது உண்மையான கறுத்தக் கொழும்பானே. தவறு எம்முடையது. அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்க அவருடைய ஊரும் பெயரும்கூட எமக்குத் தெரியா.

ஆதலின் வாசகர்களுக்குச் சில சொல்வோம். வாங்குமுன் ஒட்டு இருக்கும் இடத்தைக் கண்டறியுங்கள். அங்கே தண்டு சிறிது கோணிப் பருத்திருக்கும். ஒட்டுக்கு மேலே புதுத் தளிர் வந்திருத்தல் வேண்டும். பையின் அடித்துளை வழியே தடித்த வேர்கள் வெளியேறிச் சுருண்டிருந்தால் அக்கன்று பையிலேயே கிழடாகிவிட்டது என்று கொள்க. இலைகளின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வெண்மூட்டுப் பூச்சியும் செதிற் பூச்சியும் அங்கேதான் குடியிருக்கும். பூவும் காயுமாக நிற்கும் கன்றிலும், பூவாத திடமான கன்றே நல்லது. வீட்டிற்குக் கொண்டுசென்றபின் ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடுங்கள். ஒட்டு நன்கு கூடியபின் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கீழே எழும் முளையை, அது எவ்வளவு அழகாயிருந்தாலும், இரக்கமின்றிக் கிள்ளிவிடுங்கள். பூச்சாடி வாங்குவோர் அதன் அடித்தட்டில் நீர் தேங்க விடலாகாது. மழை மாதங்களிலே டெங்கு நுளம்புக்கு அதுவே தொட்டில்.

ஒரு முதியவர்

நாம் கன்று தெரிந்துகொண்டிருந்த கடை ஒரு நடுத்தர வயதுப் பெண்மணியுடையது. வீட்டு முற்றத்திலே நாற்றுமேடை அமைத்துத் தாமே ஒட்டுக் கட்டி விற்பவர். விரல்களில் ஒட்டுக் கத்தியின் தழும்புகள் இருந்தன. அவ்வேளை, எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் குடையை மடக்கியவாறு அங்கு வந்தார்.

“பிள்ளை, இது எத்தினை வரியத்திலை காய்க்கும்?”

“ஒட்டுக் கண்டு, ஐயா. மூண்டு நாலு வரியத்திலை காய்க்கும்.”

“அது வேண்டாம். விதைக்கண்டு இருக்கோ?”

அப்பெண்மணி எம்மைப் பார்த்தார். நாம் அவரைப் பார்த்தோம். வயது முதிர்ந்தவர் விரைவிற் காய்ப்பதையன்றோ விரும்புவர் என்பது எமது எண்ணம்.

“விதைக்கண்டு காய்க்க நாள் செல்லும், ஐயா. பழமும் எப்பிடி இருக்குமெண்டு சொல்லேலாது.”

“புளிச்சால் ஊறுகாய் போடட்டும். எனக்குப் பழமில்லை, பிள்ளை, மரந்தான் வேணும்.”

பின்னர் எம்முடன் பேச்சுக் கொடுத்தார். அவர் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990ஆம் ஆண்டிலே இடம்பெயர்ந்து வெளியேறியவர். நெடுங்காலம் கழித்துக் காணி விடுவிக்கப்பட்டபோது சென்று பார்த்தாராம். வீடு இல்லை, வேலி இல்லை, முற்றத்தில் நின்ற பெரிய மாமரமும் இல்லை. கிணறு ஒன்றே அடையாளம். அதனைக் கொண்டே இது எமது வளவு என்று கண்டுபிடித்தாராம். பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில்.

“ஒட்டுமரம் கெதியிலை காய்க்கும், கெதியிலை கிழடாகும். விதைமரம் எண்டால் ஆணிவேர் விட்டு நூறு வரியம் நிக்கும். பிள்ளையள் எப்பவாவது வந்தால், தூரத்திலையிருந்தே ‘அந்தா எங்கடை வளவு’ எண்டு தெரிய வேணும். அதுக்குத்தான்.”

இதனை அவர் துயரத்தோடு சொல்லவில்லை. கணக்குப் பார்ப்பவர் போலவே சொன்னார். முதல் இரு கோடைக்கும் தண்ணீர் ஊற்ற அயலிலுள்ள பையன் ஒருவனுடன் பேசி வைத்திருப்பதாகவும் கூறினார். அப்பெண்மணி கடையின் பின்புறம் சென்று, ஒட்டுவதற்கென வளர்த்து வைத்திருந்த கட்டைக் கன்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, நேர்த்தண்டுள்ள ஒன்றை எடுத்து வந்தார். மிகச் சிறு விலைதான் சொன்னார். பெரியவர் அதிலும் பேரம் பேசினார், இருவரும் சிரித்தனர். எமது மாணவர் கன்றைத் தூக்கிச் சென்று முச்சக்கர வண்டியில் ஏற்றிவிட்டனர்.

நாமும் கறுத்தக் கொழும்பான் ஒட்டுக்கன்று ஒன்று வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். படலையைத் திறந்ததும் கிழக்கு மூலையிலே அந்தப் புளிமாமரம் மழையில் நனைந்து கரும்பச்சையாக நின்றது. அதன் கீழே துணி உலர்த்தும் கயிறு. எமது பிள்ளைகள் ஆடிய ஊஞ்சலின் தழும்பு அதன் கிளையில். தெருவால் வருவோர்க்கு எமது வீட்டுக்கு வழி சொல்லும்போது “பெரிய மாமரம் நிக்கிற வளவு” என்றே நாம் சொல்லி வந்திருக்கின்றோம் என்பது அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது.

புதுக் கன்றை மேற்கு மூலையில் நட்டோம். மரந்தறிப்பவரிடம் வரவேண்டாம் என்று அன்று மாலையே சொல்லி அனுப்பினோம்.